அசோசியேஷன் பாலிசி போதுமா, பேங்க் பாலிசி போதுமா, தனியாக ஒன்று வேண்டுமா?

பிளாட் வாங்கிக் குடியிருப்பவர்களிடம் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒரு பதில்தான் வரும். "அசோசியேஷன்ல போட்டிருக்காங்களே." "லோன் எடுக்கும்போதே பேங்க்ல பிடிச்சுட்டாங்க." "நம்ம மூணாவது மாடி சார், வெள்ளம் எங்க ஏறப்போகுது?"

முதல் இரண்டும் காப்பீடுதான், சந்தேகமில்லை. ஆனால் யாருக்கான காப்பீடு என்று பார்த்தால் கதை மாறுகிறது. நான் இருப்பது வேளச்சேரி பக்கம், இரண்டாவது மாடி, கடன் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி. அசோசியேஷன் பாலிசியின் நகல், பேங்க் கொடுத்த சான்றிதழ், தனியாக எடுக்கக்கூடிய வீட்டுப் பாலிசியின் வாசகம் மூன்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் படித்தபிறகு தனியாக ஒன்று எடுத்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். தரகு எதுவும் எனக்கு வரப்போவதில்லை.

அசோசியேஷன் பாலிசியிலிருந்து தொடங்கலாம். நல்ல அசோசியேஷன் என்றால் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரு தீ விபத்து மற்றும் இயற்கைப் பேரிடர் பாலிசி எடுத்திருப்பார்கள். வெளிச்சுவர், தூண், தளம், படிக்கட்டு, காம்பவுண்ட் சுவர், மேல்நிலைத் தொட்டி, லிஃப்ட், ஜெனரேட்டர், சம்ப் மோட்டார் எல்லாம் அதில் வரும். தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் மெயின்டனன்ஸ் கட்டணத்தில் தெரியவே தெரியாது. இதை வேண்டாம் என்று சொல்பவர் யாரும் இருக்க முடியாது, ஏனென்றால் தரைத்தளத்தில் ஜெனரேட்டர் மூழ்கினால் அதை நானோ நீங்களோ தனியாகக் காப்பீடு செய்ய வழியில்லை. லிஃப்டில் யாருக்காவது அடிபட்டால் வரும் இழப்பீட்டுப் பொறுப்புக்கும் அசோசியேஷன்தான் தனியாக ஒரு காப்பு எடுத்து வைக்க வேண்டும்.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், அந்தப் பாலிசிக்கு உங்கள் வாசற்கதவுக்கு உள்ளே இருக்கும் பொருள் எதுவும் தெரியாது. சோபா, பீரோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், துணிமணி, குழந்தைகளின் லேப்டாப் எதுவும் அதன் கணக்கில் இல்லை. நீங்கள் லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்த மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும்கூட இருக்கிறதா இல்லையா என்பது பாலிசியில் கட்டடத்தை எப்படி விவரித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பில்டர் கொடுத்த நிலையில் இருந்த பிளாட்டின் மதிப்பைத்தான் பெரும்பாலும் கணக்கில் எடுத்திருப்பார்கள், அதற்குப் பிறகு நீங்கள் பண்ணிய இன்டீரியர் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, மதிப்பு. பிரீமியத்தைக் குறைக்கக் கட்டடத்தின் மதிப்பைக் குறைத்துப் போடுவது பல கமிட்டிகளில் நடக்கும், யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பொதுக்குழுவில் மெயின்டனன்ஸ் ஏன் ஏறியது என்று கேள்வி வருமே என்ற பயம்தான். திரும்பக் கட்ட 20 கோடி ஆகும் கட்டடத்தை 10 கோடிக்குக் காப்பீடு செய்து வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 லட்ச ரூபாய்க்குச் சேதம். "10 கோடிக்குப் பாலிசி இருக்கே, 20 லட்சம் என்ன பெரிய தொகை" என்று தோன்றும். ஆனால் குறைமதிப்பு நிபந்தனை உள்ள பாலிசியாக இருந்தால், பாதி மதிப்புக்குத்தானே காப்பீடு செய்தீர்கள் என்று 10 லட்சம்தான் கணக்கு வரும். மீதி 10 லட்சத்துக்கு ஸ்பெஷல் கலெக்‌ஷன். அது எப்படிப்பட்ட கூட்டமாக இருக்கும் என்று பிளாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பேங்க் பாலிசி. இதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை, ஒரே ஒரு குழப்பத்தைத் தவிர. கடன் கொடுக்கும்போது பேங்கில் இரண்டு வகைக் காப்பீடு பேசுவார்கள். ஒன்று, கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் பாக்கிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. அதன் பிரீமியத்தை மொத்தமாகக் கடனிலேயே சேர்த்து இஎம்ஐயில் பிடித்துவிடுவார்கள், தொகையும் பெரிதாக இருக்கும். இன்னொன்று, கட்டடம் எரிந்தாலோ இடிந்தாலோ பணம் தரும் சொத்துக் காப்பீடு. "பேங்க்ல இன்ஷூரன்ஸ் பிடிச்சிருக்காங்க" என்று சொல்பவர்களில் பலருக்கு முதலாவதுதான் இருக்கும், இரண்டாவது இருக்காது. சான்றிதழை எடுத்து, எது நடந்தால் பணம் வரும் என்று எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். மரணம், ஊனம் என்று மட்டும் இருந்தால் உங்கள் வீட்டுக்கு எந்தக் காப்பீடும் இல்லை.

இரண்டாவது வகையே இருந்தாலும் அது பேங்கின் கவலைக்காக எடுத்தது. கடன் தொகை அளவுக்கு, கட்டடத்துக்கு மட்டும், பேங்கின் பெயரையும் சேர்த்து எடுப்பதுதான் வழக்கம். கிளெய்ம் தொகை முதலில் பேங்குக்குப் போகும். கடன் முடிந்தாலோ வேறு பேங்குக்கு மாற்றினாலோ அந்தப் பாலிசி என்ன ஆகிறது என்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். இதில் ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: எங்களோடு கூட்டு வைத்திருக்கும் காப்பீட்டுக் கம்பெனியிடம்தான் எடுக்க வேண்டும் என்று பேங்க் கட்டாயப்படுத்த முடியாது. வேறு கம்பெனியில் எடுத்து, பேங்கின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும். கேட்டால்தான் சொல்வார்கள்.

இப்போது தனிப் பாலிசி. 2021 ஏப்ரல் 1 முதல், வீட்டுக்கான தீ மற்றும் பேரிடர் காப்பீட்டை விற்கும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்‌ஷா என்ற ஒரே வாசகம் கொண்ட பாலிசியை விற்க வேண்டும் என்று காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது. சென்னையில் தலைமையகம் உள்ள யுனைடெட் இந்தியாவாக இருந்தாலும் சரி, ராயல் சுந்தரமாக இருந்தாலும் சரி, சோழமண்டலம் எம்எஸ் ஆனாலும் சரி, அடிப்படை வாசகம் ஒன்றுதான். அதனால் கம்பெனி எது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலை பாதி குறைந்தது. பிரீமியத்திலும் கூடுதலாகச் சேர்க்கும் காப்புகளிலும்தான் வித்தியாசம்.

தீ, இடி, வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி, மண்சரிவு, கலவரம், வண்டி வந்து மோதுவது, தண்ணீர்த் தொட்டியோ பைப்போ வெடிப்பது அல்லது நிரம்பி வழிவது என்று எல்லாம் உள்ளே வரும். வெள்ளம் தனியாக வாங்க வேண்டிய காப்பு இல்லை. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த ஊருக்கு இது முக்கியம்.

இதில் காப்புத்தொகைக் கணக்கைப் பலரும் புரிந்துகொள்வதில்லை. பிளாட்டின் சந்தை விலைக்குக் காப்பீடு கிடையாது. கார்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பை, இன்றைக்கு ஒரு சதுர அடி கட்ட ஆகும் செலவால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 90 லட்சம் கொடுத்து வாங்கிய பிளாட் என்றால் அதில் பெரும்பங்கு யூடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத நிலப் பங்குக்கான விலை, நிலம் எரியாது, அடித்துக்கொண்டும் போகாது. கார்பெட் ஏரியா 900 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 என்று எடுத்துக்கொண்டால் 22.5 லட்சம். விற்பனைப் பத்திரத்தில் இருக்கும் சூப்பர் பில்டப் அளவைப் போட்டுவிடாதீர்கள், அது லாபியையும் படிக்கட்டையும் சேர்த்தது.

கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே காப்பு வரும்: கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். மேலே சொன்ன கணக்கில் 4.5 லட்சம். போதாது என்றால் பொருள்களின் மதிப்பைத் தனியாகச் சொல்லி ஏற்றிக்கொள்ளலாம். பொருள்களுக்கு மட்டும் எடுப்பதும் முடியும், வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதுதான் சரி. பொருளுக்குத் தருவது புதிதாக வாங்க ஆகும் விலை, தேய்மானம் கழித்த பழைய விலை இல்லை. ஆறு வருடம் ஓடிய ஃப்ரிட்ஜைக் காயலான் கடை விலைக்கு மதிப்பிடும் பழைய வழக்கம் இதில் இல்லை. நான் மேலே சொன்ன குறைமதிப்பு வெட்டும் இதில் கிடையாது, 4.5 லட்சத்துக்கு எடுத்துவிட்டு வீட்டில் 8 லட்சத்துக்குப் பொருள் இருந்தாலும் 2 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம் வரும்.

பிரீமியம்? கட்டடமும் பொருளும் சேர்த்து, நடுத்தர பிளாட்டுக்கு, குடும்பத்தோடு ஒரு ஓட்டலில் ராத்திரி சாப்பிட்டால் வரும் பில் அளவுதான் ஒரு வருடத்துக்கு. 10 வருடம் வரை மொத்தமாகவும் எடுக்கலாம், அப்படி எடுத்தால் காப்புத்தொகை வருடத்துக்கு 10 சதவீதம் தானாக ஏறும்.

சரி, விலை கம்மி, வெள்ளம் உள்ளே, பொருளும் உள்ளே. இதெல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனால் நான் தனிப் பாலிசிக்குப் போனது இவற்றுக்காக இல்லை. பாலிசியில் யார் பெயர் இருக்கிறது என்ற ஒரே விஷயத்துக்காக.

எங்கள் வளாகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது மாடி பிளாட்காரர்கள் ஊருக்குப் போயிருந்தபோது குளியலறைச் சுவருக்குள் இருந்த கன்சீல்டு பைப் வெடித்தது. கீழே இரண்டாவது மாடியில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் இறங்கி, அவர் வீட்டு ஹால் ஃபால்ஸ் சீலிங் ஒரு பக்கம் தொங்கிவிட்டது, கீழே இருந்த டிவி, புத்தக அலமாரி, சோபா எல்லாம் நனைந்து போனது. காலையில் அவர் முதலில் போனது செக்ரட்டரியிடம். அசோசியேஷன் பாலிசி இருக்கிறது அல்லவா? செக்ரட்டரி நல்ல மனிதர், பாலிசி ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இது காமன் ஏரியாவுக்கும் ஸ்ட்ரக்சருக்கும்தான். உங்க ஹால் உங்களோடது. ஸ்லாபுக்கு ஏதாவது ஆச்சுன்னா சொல்லுங்க, பார்க்கலாம்." ஸ்லாபுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேல் வீட்டுக்காரரிடம் கேட்டால், பைப் பில்டர் போட்டது, நான் என்ன செய்வேன் என்கிறார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆசிரியருக்குப் பேங்க் பாலிசி இருந்தது, அது கட்டடத்துக்கு மட்டும், கடனும் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது.

ஆசிரியர் தப்பித்தது எப்படி என்றால், வெளியூரில் இருக்கும் மகள் வற்புறுத்தி எடுக்க வைத்த தனிப் பாலிசி ஒன்று இருந்தது. கம்பெனிக்குத் தகவல் சொன்னதும் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் முதலில் டிவியைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலில் ஏறி, தொங்கிய சீலிங்குக்கு மேலே டார்ச் அடித்து, ஸ்லாபின் அடிப்பக்கக் கறையைத்தான் வெகுநேரம் பார்த்தார். கறையின் ஓரம் ஒரே கோடாக இருக்கிறதா, மரத்தின் வளையம்போல் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல கோடு இருக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. ஒரே கோடு என்றால் ஒரே நாளில் இறங்கிய தண்ணீர். பல கோடு என்றால் மாதக்கணக்கில் நனைந்து காய்ந்து நனைந்த கசிவு. "எப்பலேர்ந்து சார் இருக்கு இந்தக் கறை?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பைப் வெடிப்பது காப்பில் வரும், மெதுவான கசிவும் ஓதமும் பராமரிப்புக் குறை, அது வராது. ஆசிரியர் வீட்டில் ஒரே கோடுதான். பணம் வந்தது, அவர் கணக்குக்கே வந்தது.

ஒரே சேதம், மூன்று காகிதம். யாருடைய பெயரில் பாலிசியோ அவருக்குத்தான் கம்பெனி பதில் சொல்லும். அசோசியேஷன் பாலிசியில் காப்பீட்டுதாரர் அசோசியேஷன். கிளெய்ம் போடுவது அவர்கள், சர்வேயரோடு பேசுவது அவர்கள், பணம் வருவது அசோசியேஷன் கணக்குக்கு, அதை எந்த வேலைக்கு முதலில் செலவழிப்பது என்று முடிவெடுப்பது கமிட்டி. உங்கள் பால்கனிச் சுவர் விழுந்திருக்கலாம், ஆனால் லிஃப்ட் ஓடாமல் பெரியவர்கள் மேலே மாட்டிக்கொண்டிருந்தால் பணம் முதலில் லிஃப்டுக்குத்தான் போகும், போகவும் வேண்டும். அதில் உங்களுக்கு ஒரு ஓட்டுதான்.

கமிட்டி மாறும் என்பது இன்னொன்று. இந்த வருட செக்ரட்டரி பொறுப்பாகப் புதுப்பிப்பார், அடுத்த வருடம் வருபவர் மறந்தால்? அசோசியேஷன் பாலிசி காலாவதி ஆனதே மழைக்குப் பிறகுதான் தெரிய வந்தது என்று வேறு வளாகத்தில் இருக்கும் நண்பர் சொன்னார். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் பழைய செக்ரட்டரியின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்ததாம்.

கிளெய்ம் இழுத்தடித்தால் என்ன என்று பாருங்கள். 2024-இல் ஐஆர்டிஏஐ கொண்டுவந்த விதிகளின்படி தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை வர வேண்டும், அதிலிருந்து 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி, ஒரு மாதம் பார்த்துவிட்டுக் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஆம்புட்ஸ்மேன். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உண்டு. இந்த வழியில் எல்லாம் நீங்களே நடக்க உங்கள் பெயர் பாலிசியில் இருக்க வேண்டும். அசோசியேஷன் பாலிசி என்றால் கமிட்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

பேங்க் விஷயத்தில் ஒரு நுணுக்கம். கடன் இருக்கும்வரை தனிப் பாலிசியிலும் கட்டடப் பகுதிக்குப் பேங்கின் பெயர் சேரத்தான் செய்யும், எனக்கும் சேர்ந்திருக்கிறது. அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் வீட்டுப் பொருள்களை நான் அடமானம் வைக்கவில்லை, ஆகவே அந்தப் பகுதிப் பணம் என்னுடையது. பிளாட்டில் பெரும்பாலும் சேதம் வருவது பொருளுக்கும் உள்வேலைக்கும்தான் என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

"அப்போ ஸ்ட்ரக்சருக்கு ரெண்டு தடவை பணம் கட்டுறீங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் வாங்கி லாபம் பார்க்க முடியாது, காப்பீடு இழந்ததை ஈடுகட்டத்தான். உங்கள் அசோசியேஷன் சரியான மதிப்புக்கு, தவறாமல், கட்டடம் முழுவதையும் காப்பீடு செய்கிறது, கடனும் இல்லை என்றால் தனியாகப் பொருள்களுக்கு மட்டும் எடுத்தால் போதும். நான் கட்டடத்தையும் சேர்த்து எடுத்தேன், ஏனென்றால் கட்டடத்துக்கான கூடுதல் பிரீமியம் சில நூறு ரூபாய் விவகாரம், அதற்காக ஒவ்வொரு வருடமும் கமிட்டியின் பாலிசியைத் துருவிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் சுவரோடு பொருத்தியவை என்பதால் அவற்றைச் சேர்த்துத்தான் கட்டடத் தொகையைச் சொன்னேன், எழுத்தில் உறுதியும் வாங்கிக்கொண்டேன்.

முழுக் கட்டடமும் இடிந்துபோகும் அளவுக்கு ஏதாவது நடந்தால் மட்டும் தனிப் பாலிசி பலம் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் பங்குப் பணம் எனக்கு வந்தாலும், மூன்றாவது மாடியும் முதல் மாடியும் இல்லாமல் இரண்டாவது மாடியை அந்தரத்தில் கட்ட முடியாது. அந்த நிலையில் எல்லோருக்கும் சேர்த்து எடுத்த அசோசியேஷன் பாலிசிதான் கைகொடுக்கும். அதனால்தான் நான் தனியாக எடுத்த பிறகும், கட்டடத்தின் மதிப்பைச் சரியாகப் போடச் சொல்லிப் பொதுக்குழுவில் எழுந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

"வெள்ளம் எங்க ஏறப்போகுது" என்று தொடக்கத்தில் கேட்ட மூன்றாவது மாடிக்காரருக்கு வருகிறேன். வெள்ளம் மேலே ஏறாது, உண்மை. ஆனால் மேலே சொன்ன தண்ணீர் மேலிருந்துதான் வந்தது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா அடித்தபோது மேல் மாடி ஜன்னல் கண்ணாடிகள் என்ன பாடுபட்டன என்று அன்றைக்குச் சென்னையில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கேஸ் சிலிண்டருக்கும் ஏசி தீப்பிடிப்பதற்கும் மாடிக் கணக்குக் கிடையாது. அதே சமயம் எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள்: வீடு வாழத் தகுதியில்லாமல் போனால் மாற்று வீட்டு வாடகை இந்தப் பாலிசியில் உண்டு, ஆனால் கீழே வெள்ளம் நின்று, கரண்ட் இல்லாமல், மோட்டார் ஓடாமல் மேல் மாடிக்காரர்கள் உறவினர் வீட்டுக்குப் போய் இருந்ததெல்லாம் அதில் சேராது. உங்கள் வீடு சேதமடைந்திருக்க வேண்டும்.

சேராதவை இன்னும் சில. கார், பைக் எதுவும் வீட்டுப் பாலிசியில் வராது. மிக்ஜாமின்போது பள்ளிக்கரணையில் அடுக்குமாடி வளாகத்திலிருந்து கார்கள் மிதந்துபோன காட்சியைப் பார்த்திருப்பீர்கள், அதற்கெல்லாம் வண்டியின் சொந்தப் பாலிசிதான். ரொக்கம், பத்திரங்கள், சான்றிதழ்கள் வராது. வோல்டேஜ் ஏறி இறங்கி டிவிக்குள் ஷார்ட் ஆனால் அந்த டிவிக்கு வராது, அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அவற்றுக்கு வரும். புதுக் கட்டடம் உட்கார்ந்து சுவரில் விரிசல் விடுவது, பில்டரின் மோசமான வேலை, இவையும் வெளியே. வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவரின் பொருளுக்கு உங்கள் பாலிசி பொறுப்பாகாது.

நகைக்குத் தனியாக விருப்பக் காப்பு இருக்கிறது. நகை, வெள்ளிச் சாமான், ஓவியம் போன்றவற்றை ஒத்துக்கொண்ட மதிப்புக்குச் சேர்க்கலாம், மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும் ஒரு பொருள் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டாளர் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். இன்றைய தங்க விலைக்கு ஒரு தாலிச் சங்கிலியே அந்த 1 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது என்பது வேறு விஷயம். எங்கள் நகை பேங்க் லாக்கரில் இருப்பதால் இதை நான் எடுக்கவில்லை.

திருட்டுக் காப்பைப் பற்றி நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள், அப்படியொரு கிளெய்மை நானோ எனக்குத் தெரிந்தவர்களோ போட்டதில்லை. தாளில் இருப்பது இதுதான்: அடிப்படைப் பாலிசியில், புயல், வெள்ளம், தீ போன்ற ஒரு நிகழ்வைத் தொடர்ந்து அதன் காரணமாக 7 நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும் வரும். சாதாரணமாகப் பூட்டை உடைத்துத் திருடினால் வராது, அதற்குக் கூடுதல் காப்பு வாங்க வேண்டும். அதிலும் உடைத்து நுழைந்த அடையாளம் கேட்பார்களா, வீட்டில் வேலை செய்பவர் எடுத்தால் வருமா, வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் என்ன என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளிநாட்டில் இருந்துகொண்டு பிளாட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் கடைசிக் கேள்வியை எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

எந்தப் பாலிசி ஆனாலும் வீட்டில் என்ன இருந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். கடை பில்களை நம்பாதீர்கள், தெர்மல் பேப்பர் பில் இரண்டு கோடையில் வெள்ளைத் தாளாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக வீடியோ எடுங்கள். அலமாரிக் கதவுகளைத் திறந்து, ஃப்ரிட்ஜின் பின்பக்கம், வாஷிங் மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர் தெரியும்படி எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் செய்து வையுங்கள். ஆசிரியர் வீட்டில் டிவிக்கு பில் இல்லை. பேரனின் பிறந்தநாள் போட்டோவில் பின்னால் அந்த டிவி தெளிவாக இருந்தது, சர்வேயர் அதை ஏற்றுக்கொண்டார். எல்லா சர்வேயரும் ஏற்பார்கள் என்று சொல்ல மாட்டேன்.

சேதம் ஆனதும் சுத்தம் செய்யும் அவசரத்தில் நனைந்த சோபாவைக் கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். தண்ணீரை நிறுத்துங்கள், மெயினை அணையுங்கள், போட்டோ எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், சர்வேயர் பார்த்துவிட்டுப் போகும்வரை மொட்டை மாடியிலாவது போட்டு வையுங்கள்.

எனக்கு அடுத்த புதுப்பித்தலில் இருக்கும் ஒரே யோசனை, பூட்டு உடைத்துத் திருடுவதற்கான கூடுதல் காப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான். எங்கள் வளாகத்தில் கேட்டில் ஆள் இருக்கிறார், கேமரா இருக்கிறது, வேண்டாம் என்று நான் சொல்கிறேன். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நிம்மதியாக இருக்கும், சேருங்கள் என்கிறார் மனைவி. இன்னும் முடிவாகவில்லை.